டபிள்யூஆர்-90 மேசையில் ஆர்120 ஹோர்ன் பூட்டலாமா? வேவ்கைட் அளவும் பிளாஞ்ச் பொருத்தமும்

மல்லாவி_பௌதிகம்

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரப் பிள்ளைகளுக்கு நிலையான அலையை நுண்ணலையில் காட்டவேண்டும் என்பது என் கனகால ஆசை. சுரமானியிலும் பரிவுக் குழாயிலும் காட்டுகிறோம். மின்காந்த அலைக்கும் கணுவும் முரண்கணுவும் உண்டு என்றால் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள், அளந்து பார்த்ததில்லை.

இப்போது சாமான் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. மேலே நீளவெட்டும் அதில் நகரும் ஊசியும் உள்ள பித்தளை வேவ்கைட் (நுண்ணலை செல்லும் வெற்று உலோகக் குழாய்) துண்டு ஒன்று, டபிள்யூஜி-16 என்று பொறித்திருக்கிறது. ஊசித்தலையில் அலையை உணரும் 1என்23 டயோடு. பழைய தானியங்கிக் கதவில் இருந்து எடுத்த கன் டயோடு அலையாக்கி, 10.525 கிகாஹேர்ட்ஸ், பிளாஞ்சில் (குழாய்களை ஒன்றோடொன்று பூட்டும் விளிம்புத் தட்டில்) யூஜி-39 என்று இருக்கிறது. இவை தவிர, வவுனியாவில் பழைய இரும்புக் கடையில் கோபுர இணைப்புச் சாமான்கள் நிறைக்கு வாங்கினேன்: ஆர்120 ஹோர்ன் (அலையை வெளியே விடும் விரிந்த வாய்) ஒன்று, ஆர்120 நேர்த்துண்டு ஒன்று, பிபிஆர்140 என்று இருக்கும் வளையும் துண்டு, டபிள்யூஆர்-42 சின்னத்துண்டு.

என் கேள்வி இதுதான். இவற்றில் எது எதோடு சேரும்? முக்கியமாக அந்த ஹோர்னை, அலையாக்கியும் நீளவெட்டுத் துண்டும் வைக்கும் அளவீட்டு மேசையில் பூட்டலாமா? ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி எண் இருப்பதால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

கோபுரத்தான்_முல்லை

ரீச்சர், நல்ல வேலை. முதலில் எண்களைத் தெளிவாக்கிவிடுவோம், பாதிப் பிரச்சினை அங்கேதான்.

ஒரே குழாய்க்கு மூன்று பெயர். அமெரிக்கப் பெயர் டபிள்யூஆர். அந்த எண் உள் அகலத்தை அங்குலத்தின் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது. டபிள்யூஆர்-90 என்றால் உள்ளே 0.9 அங்குலம், அதாவது 22.86 மி.மீ., உயரம் 10.16 மி.மீ. பிரித்தானியப் பெயர் டபிள்யூஜி, அது வெறும் வரிசை எண். சர்வதேசப் பெயர் ஆர், அது அந்தக் குழாய் வேலைசெய்யும் மீடிறனின் நடுப்பகுதியைச் சொல்கிறது. ஆர்100 ஏறத்தாழ 10 கிகாஹேர்ட்ஸ், ஆர்220 ஏறத்தாழ 22. ஆகவே டபிள்யூஆர் எண் குறைந்தால் குழாய் சின்னது, ஆர் எண் கூடினால் குழாய் சின்னது. கடையில் நின்று பார்க்கும்போது இது தலைகீழாகக் குழப்பும்.

உங்களிடம் இருப்பவை:
டபிள்யூஜி-16 = டபிள்யூஆர்-90 = ஆர்100. உள்ளே 22.86 × 10.16.
டபிள்யூஜி-17 = டபிள்யூஆர்-75 = ஆர்120. உள்ளே 19.05 × 9.525.
டபிள்யூஜி-18 = டபிள்யூஆர்-62 = ஆர்140. உள்ளே 15.80 × 7.90.
டபிள்யூஜி-20 = டபிள்யூஆர்-42 = ஆர்220. உள்ளே 10.67 × 4.32.

யூஜி-39 என்பது டபிள்யூஆர்-90க்கு உரிய தட்டையான சதுர பிளாஞ்ச். அதனால் உங்கள் அலையாக்கியும் நீளவெட்டுத் துண்டும் ஒரே குடும்பம். பொறித்ததை மட்டும் நம்பவேண்டாம், வேணியர் இடுக்கிமானியை வாய்க்குள் விட்டு உள் அகலத்தை அளந்துபாருங்கள். வெளி அளவில் சுவர்த் தடிப்பு சேர்ந்துவிடும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். வன்னியில் பழைய இரும்பு வாங்கும்போது கோபுரத்தில் இருந்து கழற்றியதை மட்டும் வாங்குங்கள். மண் ஒட்டிய பெட்டி, ராடார்ச் சாமான் போலத் தெரிவது எதையும் தொடவேண்டாம். ராடார் வேவ்கைட்டில் டிஆர் குழாய் என்று கண்ணாடி பதித்த துண்டு ஒன்று வரும். சிலவற்றுக்குள் கதிரியக்கப் பொருள் சிறிதளவு வைத்திருப்பார்கள். அது பள்ளிக்கூடத்துக்கு வரவே கூடாது.

மாங்குளம்_டிஷ்

பெரிய குழாயில் இருந்து சின்னக் குழாய்க்குத் தண்ணீர் போகிறமாதிரித்தானே? வேகம் கொஞ்சம் கூடும் குறையும், போய்ச்சேரும். போல்ட் ஏறினால் பூட்டிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

அறிவியல்நகர்_நாலாம்வருடம்

அண்ணை, அந்த ஒப்பீடு இங்கே சரிவராது. தண்ணீர் எந்தச் சின்னக் குழாயிலும் கொஞ்சமாவது போகும். நுண்ணலைக்கு ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வெட்டு மீடிறன் இருக்கிறது. அதற்குக் கீழே அலை போகவே போகாது.

செவ்வகக் குழாயில் அந்த எல்லை அகலத்தை மட்டும் பொறுத்தது. அலைநீளம் அகலத்தின் இருமடங்குக்கு மேலே போனால் முடிந்தது. டபிள்யூஆர்-90க்கு 6.56 கிகாஹேர்ட்ஸ், 75க்கு 7.87, 62க்கு 9.49, 42க்கு 14.05.

ரீச்சரின் மீடிறன் 10.525. டபிள்யூஆர்-42 துண்டில் அது போகாது. கணக்குப் போட்டால் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 1.7 டெசிபெல் அளவில் தேய்கிறது. ஐந்து சென்ரிமீற்றர் துண்டு என்றால் 80 டெசிபெலுக்கு மேல். எனவே அதை வீசவேண்டாம் ரீச்சர், பிள்ளைகளுக்கு வெட்டு மீடிறனைக் காட்ட அதைவிட நல்ல சாமான் கிடைக்காது. இரண்டு பக்கமும் திறந்த குழாய், கண்ணால் பார்த்தால் வெளிச்சம் தெரிகிறது, நுண்ணலை மட்டும் நின்றுவிடுகிறது.

டபிள்யூஆர்-62இல் 10.525 போகும், ஆனால் எல்லைக்கு மிக அருகில் நிற்கிறது. வெளியில் 28.5 மி.மீ. ஆக இருக்கும் அலைநீளம் அதற்குள் 66 மி.மீ. அளவுக்கு நீண்டுவிடும். மீடிறன் கொஞ்சம் அசைந்தாலே எல்லாம் மாறும், சுவரில் இழப்பும் கூடும். அதனால்தான் ஒவ்வொரு குழாய்க்கும் பரிந்துரைத்த எல்லை வெட்டு மீடிறனில் இருந்து நன்றாக மேலே தொடங்குகிறது. டபிள்யூஆர்-90க்கு 8.2 முதல் 12.4, 75க்கு 10 முதல் 15, 62க்கு 12.4 முதல் 18.

மாங்குளம்_டிஷ்

சரி தங்கச்சி, சின்னதுக்குள் போகாது என்பது விளங்கியது. அப்போ பெரியது எப்போதும் பாதுகாப்புத்தானே? நான் செய்மதித் தட்டு வேலை செய்கிறேன். 14 முதல் 14.5 கிகாஹேர்ட்ஸில் அனுப்பும் பெட்டிக்கு டபிள்யூஆர்-75 துண்டு கிடைக்காத நேரம் ஒரு டபிள்யூஆர்-90 துண்டை நடுவில் போடலாமா என்று யோசித்ததுண்டு.

அறிவியல்நகர்_நாலாம்வருடம்

போடவேண்டாம் அண்ணை. பெரிய குழாயில் அடிப்படை வகை (குழாய்க்குள் அலை அமையும் கோலம்) மட்டுமல்ல, அடுத்த வகை அலையும் பயணிக்கத் தொடங்கும். டபிள்யூஆர்-90இல் அந்த இரண்டாம் வகை 13.1 கிகாஹேர்ட்ஸில் திறக்கிறது. 14 அதற்கு மேலே.

மூட்டு இரண்டும் துல்லியமாக நடுவில் இருந்து குழாயும் நேராக இருந்தால் இரண்டாம் வகை எழாது, ஏனென்றால் அது நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக இருக்கும் வகை. ஆனால் பிளாஞ்ச் பக்கவாட்டில் கொஞ்சம் விலகினாலோ, அகலப் பக்கமாக வளைவு வந்தாலோ சக்தி அதற்குள் போய்விடும். டபிள்யூஆர்-75 வாய்க்குத் திரும்பி வரும்போது அந்த வகைக்கு அங்கே வழியில்லை, உள்ளேயே முன்னும் பின்னும் தெறித்துக்கொண்டிருக்கும். சில மீடிறனில் நன்றாக வேலைசெய்யும், சிலவற்றில் திடீரென்று குழி விழும். ஏன் என்று தேடிக் களைத்துவிடுவீர்கள்.

டபிள்யூஆர்-62 துண்டு கிடைத்தால் அது மேல். 14.25இல் 75க்கும் 62க்கும் இடையே தடங்கல் (அலைக்குக் குழாய் காட்டும் இம்பீடன்ஸ்) விகிதம் 1.12 தான், தெறிப்பு 25 டெசிபெல் கீழே. பிளாஞ்ச் துளைகள் ஒத்துவராது, இடைத்தட்டு ஒன்று தேவை.

கோபுரத்தான்_முல்லை

இதை எல்லாரும் படிக்கவேண்டும். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு இணைப்பில் இதேபோல ஒரு துண்டு கிடந்ததை நான் கழற்றியிருக்கிறேன். யாரோ ஒப்பந்தக்காரர் அவசரத்துக்குப் போட்டுவிட்டுப் போயிருந்தார். வெயிலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி. ரேடியோவை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள். துண்டைக் கழற்றியபின்தான் நிம்மதி.

மல்லாவி_பௌதிகம்

நன்றி, நன்றாக விளங்குகிறது. அப்போ என் ஹோர்ன்? ஆர்120, 10.525 அதன் எல்லைக்குள் இருக்கிறது. டபிள்யூஆர்-90 வாயோடு முகத்துக்கு முகம் வைத்தால் எவ்வளவு போகும்?

அறிவியல்நகர்_நாலாம்வருடம்

கணக்குப் போட்டேன் ரீச்சர். செவ்வகக் குழாயின் தடங்கலை, உயரத்தை அகலத்தால் வகுத்து, குழாய்க்குள் அலைநீளம் எத்தனை மடங்கு நீள்கிறதோ அதாலும் வெற்றிடத்தின் 377 ஓமாலும் பெருக்கி எடுக்கலாம். 10.525இல் டபிள்யூஆர்-90க்கு 214 ஓம், 75க்கு 284 ஓம். விகிதம் 1.33. தெறித்துத் திரும்பும் வலு வெறும் 2 சதவீதம், 17 டெசிபெல் கீழே. மூலையில் வரும் கொள்ளளவு விளைவைச் சேர்க்கவில்லை, அதனால் உண்மையில் கொஞ்சம் கூடலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க: டபிள்யூஆர்-90இல் இருந்து நேரே 62க்குப் போனால் விகிதம் 2, தெறிப்பு 12 சதவீதம் அளவில்.

ஆக, அலையை அனுப்புவதுதான் நோக்கம் என்றால் ஹோர்னைத் தாராளமாகப் பூட்டலாம். ஆனால் உங்கள் நோக்கம் அளப்பது. ஊசி காட்டும் நிலையான அலையில் எவ்வளவு மூட்டில் இருந்து வந்தது, எவ்வளவு ஹோர்னில் இருந்து வந்தது என்று பிரிக்கமுடியாது. அளவீட்டு மேசையில் 1.33 பெரிய எண்.

இரண்டுக்கும் நடுவே கால் அலைநீளத் துண்டு ஒன்று வைத்தால் தெறிப்பு ஏறத்தாழ இல்லாமல் போகும். 20.8 × 9.9 மி.மீ. துளை, 9.8 மி.மீ. தடிப்புள்ள தட்டு. முதல் படியில் தெறிப்பதும் இரண்டாம் படியில் தெறிப்பதும் எதிர்க்கட்டத்தில் சந்தித்து அழியும்.

வவுனியா_லேத்

தட்டு நான் செய்துதரலாம். பித்தளையா அலுமினியமா? 10 மி.மீ. பித்தளைத் தட்டு இருக்கிறது, முகம் எடுத்தால் 9.8 வரும். செவ்வகத் துளையின் மூலைகள் கூராக வராது, மில்லிங் வெட்டியின் ஆரை நிற்கும். அரம் போட்டுச் சரிசெய்யலாம், நேரம் எடுக்கும்.

எனக்குப் பிரச்சினை வேறு இடத்தில் தெரிகிறது. யூஜி-39இன் துளைகள் 32.5 × 31.0 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன, அளந்தேன். ஆர்120 பிளாஞ்ச் கொஞ்சம் சின்னது, அதன் துளைகள் இவற்றுக்கு மிகப் பக்கத்தில் விழும். ஒரே தட்டில் இரண்டையும் ஊடுருவித் துளைத்தால் ஒன்றை ஒன்று வெட்டும்.

கோபுரத்தான்_முல்லை

நல்லாய்க் கவனித்தீர்கள் தம்பி. அந்த 32.5க்கும் 31.0க்கும் உள்ள ஒன்றரை மில்லிமீற்றர் வேண்டுமென்றே வைத்தது. முழுச் சதுரமாக இருந்தால் 90 பாகை திருப்பிப் பூட்டிவிடலாம், அகலம் உயரத்தோடு போய்ச் சந்திக்கும், ஒன்றுமே போகாது. இப்போது திருப்பினால் போல்ட் ஏறாது. துளையை அரத்தால் பெரிதாக்கி ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அது செய்யக்கூடாத வேலை.

துளைகள் மோதுவதற்கு வழி: ஊடுருவவேண்டாம். இரண்டு பக்கமும் நாலரை மில்லிமீற்றர் ஆழத்துக்கு மட்டும் துளைத்து மரை வெட்டுங்கள். மேசை வேலைக்கு அதுவும் தேவையில்லை. இரண்டு ஜி-கிளாம்ப் போட்டு இறுக்கினாலே போதும், நடுக்கோடு மட்டும் சரியாக இருக்கவேண்டும். நடுக்கோட்டுக்கு இரண்டு சின்ன ஊசிமுனை விட்டுக்கொள்ளலாம்.

மரை வெட்டும்போது கவனம். யூஜி-39 அமெரிக்கச் சாமான், அதற்கு உரியது 8-32 மரை, விட்டம் 4.17 மி.மீ. எம்4 போல்ட் அதற்குள் சுலபமாக இறங்கும், இரண்டு மூன்று சுற்றுப் பிடித்தமாதிரி இருக்கும், இறுக்கும்போது மரை உரிந்துவிடும். அலுமினியத்தில் இன்னும் மோசம். ஐரோப்பியச் சாமானில் எம்4. பெட்டிக்குள் இரண்டும் கலந்து கிடந்தால் மரை அளவி இல்லாமல் கைவைக்கவேண்டாம்.

மல்லாவி_பௌதிகம்

அண்ணை, அந்தப் பிபிஆர்140 என்றதில் பிபிஆர் என்ன? என்னிடம் இருக்கும் வளையும் துண்டின் முகத்தைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடுகிறது. டபிள்யூஆர்-90 நேர்த்துண்டு ஒன்றிலும் பள்ளம் இருக்கிறது, ஆனால் அது வட்டமாக, ஆழமாக இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

கோபுரத்தான்_முல்லை

ஒன்றல்ல, இதை மாற்றி விளங்கிக்கொண்டால் அளவீடு முழுக்கப் பிழைக்கும்.

பிபிஆர் என்பது காற்றழுத்தம் தாங்கும் பிளாஞ்ச். அந்தப் பள்ளம் ஆழமில்லாதது, இறப்பர் வளையம் உட்காருவதற்கு. யூபிஆர் என்பது பள்ளமில்லாத தட்டை முகம். ஒரு பக்கம் பிபிஆர், எதிர்ப்பக்கம் யூபிஆர், நடுவில் ஒரு வளையம், இதுதான் வழமையான சோடி. பெரிய அளவுகளில் வரும் நீள்சதுர சிபிஆர் பிளாஞ்சிலும் இதே கதை: பள்ளமும் தட்டையும் சேர்ந்தால் அரைத்தடிப்புக் கஸ்கெட், பள்ளமும் பள்ளமும் சேர்ந்தால் முழுத்தடிப்பு. மெல்லிய கஸ்கெட்டை இரண்டு பள்ளத்துக்கு நடுவில் போட்டால் வெளியில் இறுகினமாதிரி இருக்கும், உள்ளே மழைநீர் போகும்.

உங்கள் ஆழமான வட்டப் பள்ளம் சோக் பிளாஞ்ச், பெயர் யூஜி-40 என்று இருக்கலாம். அது வளையத்துக்கு வெட்டியதல்ல. பள்ளத்தின் ஆழம் கால் அலைநீளம், குழாயின் வாயில் இருந்து பள்ளத்துக்கு உள்ள தூரமும் கால் அலைநீளம். இரண்டும் சேர்ந்து, முகங்கள் சரியாகத் தொடாவிட்டாலும் வாயில் மின்னோட்டம் தடையின்றி ஓடும்படி செய்கிறது. சோக்கைத் தட்டை முகத்தோடு பூட்டுங்கள். சோக்கோடு சோக் பூட்டக்கூடாது. அந்தப் பள்ளத்துக்குள் சிலிக்கன் பசை, கிறீஸ் ஒன்றும் போகக்கூடாது. யாராவது பூசியிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்து மரக்குச்சியால் எடுங்கள். கம்பி போட்டுச் சுரண்டவேண்டாம்.

மேசையில் உங்களுக்குக் காற்றழுத்தம் தேவையில்லை, பிபிஆர் துண்டை வளையம் இல்லாமலே பூட்டலாம். எங்களுக்கு அப்படி முடியாது. ஐப்பசி தொடங்கினால் தை வரைக்கும் கோபுரத்தில் ஈரம். இரவில் குழாய் குளிரும்போது உள்காற்று சுருங்கி வெளியீரத்தை இழுக்கும். தாழ்ந்த வளைவில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் நின்றால் இணைப்பே போய்விடும். அதனால்தான் நீளமான ஓட்டத்துக்கு உலர்காற்றுப் பெட்டி வைத்து மெல்லிய அழுத்தத்தில் எப்போதும் ஊட்டுகிறோம். கடற்கரைப் பக்கம் உப்பும் சேரும். பித்தளை முகத்தையும் அலுமினிய முகத்தையும் அங்கே ஒன்றாகப் பூட்டினால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரத் தொடங்கும். பொருந்துமா என்று கேட்கும்போது உலோகத்தையும் கேட்கவேண்டும்.

கோபுரத்தில் மேலே ஏறும் கறுப்பு உறை போட்ட நெளிகுழாய், அந்த நீள்வட்டக் குழாய், பற்றியும் ஒருவரி. ஈடபிள்யூ-90 என்றால் அந்த 90 அங்குலக் கணக்கு அல்ல, 9 கிகாஹேர்ட்ஸைச் சுற்றிய மீடிறன். அந்தந்தக் குழாய்க்கு உரிய முடிப்பான் (முனையில் போடும் இணைப்பி) போட்டால்தான் செவ்வக பிளாஞ்சுக்கு வரும். வேறு எண்ணின் முடிப்பானை வெட்டி ஒட்டப் பார்க்கவேண்டாம்.

மாங்குளம்_டிஷ்

தட்டு வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. ஊட்டும் வாய் வட்டக் குழாயாக வரும், சி120 என்றால் உள்விட்டம் 17.475 மி.மீ. வட்டக் குழாய்க்கு வெட்டு மீடிறன் சுலபம்: 175.7ஐ மி.மீ. விட்டத்தால் வகுத்தால் கிகாஹேர்ட்ஸ். சி120க்கு 10.05. வட்டத்துக்குள் இரண்டு முனைவாக்கமும் போகும், செவ்வகத்துக்குள் ஒன்றுதான். வட்டத்தில் இருந்து செவ்வகத்துக்கு வரும்போது எந்தப் பக்கம் திருப்பிப் பூட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒன்று வரும், மற்றது திரும்பிப்போகும். ரீச்சருக்கு இப்போது தேவைப்படாது, பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

அறிவியல்நகர்_நாலாம்வருடம்

ரீச்சர், பூட்டுமுன் மூன்று விடயம். அலையாக்கிக்கும் நீளவெட்டுத் துண்டுக்கும் நடுவில் தனிப்படுத்தி (அலையை ஒரு திசையில் மட்டும் விடுவது) அல்லது குறைந்தது தேய்ப்பான் (அலையின் வலுவைக் குறைப்பது) ஒன்று வையுங்கள். தெறித்து வரும் அலை கன் டயோடின் மீடிறனையே இழுத்துவிடும். அடுத்தது, 1என்23 குறைந்த வலுவில் வர்க்க விதியில் வேலைசெய்யும், மீட்டர் காட்டுவது வலு. உயர்வாசிப்பைத் தாழ்வாசிப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால்தான் நிலையான அலை விகிதம். ஊசியை ஆழமாக விடவேண்டாம், ஊசியே தெறிப்பு உண்டாக்கும்.

மூட்டை மட்டும் அளக்க விரும்பினால் ஹோர்னுக்குப் பதில் அந்த ஆர்120 நேர்த்துண்டைப் பூட்டி, அதற்குள் நீளமாகக் கூராகச் சீவிய மரத்துண்டைச் செருகுங்கள், கூர்முனை அலை வரும் பக்கம். மரம் அலையை மெல்ல மெல்ல உறிஞ்சும், திரும்பி வருவது மிகக் குறைவு. பனஞ்சலாகைத் துண்டு கிடைத்தால் நல்லது.

10 மில்லிவாட் அளவு என்றாலும் திறந்த வாயைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வெளியில் கதிர்க்கும் எதற்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பற்றிய கேள்வி வரும். குழாயை மூடி உள்ளே அளப்பது வேறு, ஹோர்ன் பூட்டி வெளியே விடுவது வேறு. அதிபர் மூலம் எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

மல்லாவி_பௌதிகம்

பூட்டினோம். முதலில் டபிள்யூஆர்-90 வாயைப் பித்தளைத் தகட்டால் மூடிவிட்டு ஊசியை நகர்த்தினோம். தாழ்வுப் புள்ளிகளுக்கு இடையே 18.2 மி.மீ. இருமடங்கு 36.4. வெளியில் இருக்கவேண்டியது 28.5 தானே, ஏன் கூடுகிறது என்று ஒரு பிள்ளை தானாகக் கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். கரும்பலகையில் குழாயின் அகலத்தைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 10.5 கிகாஹேர்ட்ஸ் வந்தது, அலையாக்கியில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறது.

பிறகு ஆர்120 நேர்த்துண்டை இடைத்தட்டு இல்லாமல் கிளாம்ப் போட்டு, மரக்கூரும் செருகினோம். வர்க்கமூலம் எடுத்தபின் விகிதம் 1.4க்குக் கொஞ்சம் கீழே. தங்கச்சி சொன்ன 1.33ஐ விடக் கொஞ்சம் கூட, சொன்னதுபோலவே. டபிள்யூஆர்-42 துண்டை வைத்ததும் வாயைத் தகட்டால் மூடினது போலவே தாழ்வு ஆழமாக இறங்கியது, இடம் மட்டும் கொஞ்சம் தள்ளி.

வவுனியாத் தம்பி, பித்தளையிலேயே செய்யுங்கள். துளையின் மூலைகளுக்கு அரம் போடவேண்டுமா, அல்லது ஆரையை அப்படியே விடலாமா?

அறிவியல்நகர்_நாலாம்வருடம்

1 மி.மீ. ஆரை என்றால் அப்படியே விடுங்கள், இந்த மீடிறனில் பெரிதாகத் தெரியாது. 3 மி.மீ. வெட்டி என்றால் ஆரை ஒன்றரை, அதுவும் ஏற்கலாம், துளையின் அகலத்தை ஒரு மயிரிழை கூட்டிக்கொள்ளுங்கள். தடிப்பு 9.8 மட்டும் பிசகக்கூடாது.

வவுனியா_லேத்

3 மி.மீ. வெட்டி இருக்கிறது. வெள்ளிக்கிழமை தட்டை மல்லாவி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன் ரீச்சர். முகம் இரண்டையும் கண்ணாடியில் வைத்து மெல்லிய தாளால் தேய்த்து அனுப்புவேன், கிளாம்ப் போடுமுன் துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.